எட்டாம் பாட்டுக்காரன்

"பத்துத் தலை எங்க தம்பி?"

அம்மா கேட்ட முதல் கேள்வி அது. 2018ஆம் ஆண்டின் கடைசி. தெரண தொலைக்காட்சியில் 'ராவணா' என்ற சிங்களத் தொடர் தொடங்கியிருந்தது. திருகோணமலை திருஞானசம்பந்தர் வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் எங்கள் வீடு. அம்மா தன் பிளாஸ்டிக் கதிரையை ரிவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். மடியில் சுளகு, சுளகில் முருங்கையிலை. கை தன்பாட்டில் இலையை உருவ, கண் மட்டும் திரையில். அங்கே வாட்டசாட்டமாக ஓர் இளைஞன். ஒரு தலை, இரண்டு கை.

"இவன்தான் அம்மா இராவணன்."

"இவனோ?" என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "பாக்க நல்ல பிள்ளையாத்தான் இருக்கிறான். ஆனா பத்துத் தலை எங்க?"

சிங்களம் அம்மாவுக்குச் சந்தை அளவுக்குத்தான். மீன் விலை பேசுவார், மரக்கறி விலை பேசுவார். அரண்மனை வசனம் பிடிபடாது. நான் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். அந்தப் பழைய காலத்துச் சிங்களம் எனக்கும் முழுக்க விளங்காது. விளங்காத இடங்களில் நானே ஒரு வசனத்தைப் போட்டு நிரப்பிவிடுவேன். அம்மா உடனே பிடித்துவிடுவார். "அவன் இவ்வளவு நேரம் கதைச்சான், நீ ரெண்டு சொல்லுத்தானே சொல்லுறாய்?"

கெட்ட பேர் எடுத்தவனின் பக்கத்தில் நின்று பழங்கதையைத் திரும்பச் சொல்வது இப்போது எல்லா நாட்டுத் தொலைக்காட்சியிலும் நடக்கிறது. எனக்கும் அந்த வகைக் கதை பிடிக்கும். ஆனால் திருகோணமலையில் வளர்ந்தவனுக்கு இராவணன் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவன் கெட்டவன் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நல்லவன் என்றும் சொல்லித் தரவில்லை. ஊரில் ஒரு ஆள், அவ்வளவுதான். சந்தியில் கடை வைத்திருக்கிறவரைப் போல, அவருடைய குணம் குறை எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதற்காக யாரும் அவரோடு கதைக்காமல் விடுவதில்லை.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரடெரிக் கோட்டைக்குள்ளால் போகிறது. போர்த்துக்கேயர் 1620களில் மலைமேல் இருந்த பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் வைத்துக் கட்டிய கோட்டை. பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர். வாசல் கல்லில் இரட்டை மீனும், 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்கும் எழுத்தும் இன்றைக்கும் இருக்கின்றன. உள்ளே நுழைந்தால் புள்ளிமான்கள். மர நிழலில் படுத்திருக்கும், கையில் கடலைச் சுருள் இருந்தால் எழும்பிப் பின்னால் வரும். சீதை கேட்ட மாயமானின் பேரப்பிள்ளைகள்தான் இவை என்று மாமா ஒருவர் சொல்வார். எட்டு வயது வரைக்கும் நம்பினேன். இப்போது அவை பொலித்தீன் பை தின்கின்றன. மாரீசன் பரம்பரை என்றாலும் பசிக்கும்தானே.

ஏற்றத்தில் ஏறி உச்சிக்குப் போனால் இராவணன் வெட்டு. மலை நெடுக்காகப் பிளந்து, முந்நூறு அடிக்கு மேல் கீழே கடல் உறுமிக்கொண்டிருக்கும். கதை எல்லோருக்கும் தெரிந்தது. இராவணனின் தாய் கைகேசி சிவபக்தை. முதுமையில் நடந்து வந்து கோணேசரைக் கும்பிட முடியவில்லை. மகன் பார்த்தான். அம்மாவைக் கோயிலுக்குக் கொண்டுபோவதை விட்டுவிட்டு, கோயிலையே அம்மாவிடம் கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்தான். வாளால் மலையை வெட்டினான், பெயர்க்கப் பார்த்தான். சிவன் விடவில்லை. வெட்டு மிஞ்சியது.

இதில் அம்மாவுக்கு எப்போதும் ஒரு சிரிப்பு. "ஒரு மாட்டுவண்டி பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அதுக்குப் புத்தி போகேல்ல, மலையை வெட்டப் போயிட்டான்." அந்தக் கதையை அவர் சொல்லும்போது இராவணன் அரசனாகத் தெரியமாட்டான். அவசரக்கார மூத்த மகன் ஒருவனைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கும்.

நான் இராவணனை முதலில் கிட்டத்தில் பார்த்தது மலையில் இல்லை, எங்கள் கோயில் வாகனசாலையில். கைலாச வாகனம் என்று ஈழத்துச் சிவன் கோயில்களில் ஒரு வாகனம் உண்டு. கீழே இராவணன். பத்துத் தலையும் ஒரே வரிசையில் இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். கைகள் விசிறி மாதிரி. முதுகிலே கைலை மலை, அதற்கு மேலே திருவிழா அன்று சுவாமி எழுந்தருளுவார். திருவிழா இல்லாத நாளில் வாகனங்களைச் சாக்குத் துணியால் மூடி வைத்திருப்பார்கள். நாங்கள் ஐந்தாறு பேர் பின்நேரம் உள்ளே புகுந்து துணியைத் தூக்கிப் பார்ப்போம். பழைய எண்ணெயும் வௌவால் எச்சமும் கலந்த ஒரு மணம். இராவணனின் இடப்பக்கம் மூன்றாவது தலைக்கு மூக்கு உடைந்து, யாரோ மக்கு வைத்து அடைத்துப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அந்த மூக்கு மற்ற மூக்குகளைவிடக் கொஞ்சம் தடிப்பு. தடிமன் பிடித்த தலை என்று அதற்குப் பேர் வைத்தோம். கண்கள் மட்டும் பயமாக இருக்கும். வெள்ளை நிறையத் தெரியும். வலியில் விழி பிதுங்கி நிற்கிறானா, பக்தியில் மேலே பார்க்கிறானா என்று சொல்ல முடியாது. செய்த ஆசாரி இரண்டையும் ஒரே கண்ணில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த வாகனத்தின் கதையும் ஒன்றுதான். கைலை மலை வழியில் குறுக்கே நிற்கிறது என்று தூக்கினான். சிவன் பெருவிரலால் ஒரு அழுத்து. மலைக்குக் கீழே கிடந்து அலறினான். பிறகு தன் தலையொன்றைக் குடமாக்கி, கையைத் தண்டாக்கி, நரம்பை உருவி வீணை செய்து சாமகானம் பாடினான். சிவன் இரங்கி வாளும் கொடுத்தார், நீண்ட வாழ்நாளும் கொடுத்தார். தூக்கியது பிழை. நசுங்கியது தண்டனை. பாடியது பக்தி. எல்லாம் ஒரே ஆள், ஒரே இடம். வாகனத்தில் அவனைப் பிரித்து எடுக்க முடியாது. பிழையை எடுத்தால் மலை விழுந்துவிடும்.

அம்மா நாள்தோறும் விளக்கு வைத்தபின் திருகோணமலைப் பதிகம் பாடுவார். 'நிரைகழல் அரவம்' என்று தொடங்கி, 'கோணமா மலையமர்ந் தாரே' என்று ஒவ்வொரு பாட்டும் முடியும். சம்பந்தர் இங்கே வரவில்லை, கடலுக்கு அந்தப் பக்கம் இராமேச்சரத்தில் நின்று பாடினார் என்பது மரபு. அந்தப் பதிகத்தின் எட்டாம் பாட்டு, 'எடுத்தவன் தருக்கை இழித்தவர் விரலால்' என்று தொடங்கும். மலையை எடுத்தவனின் செருக்கை விரலால் இறக்கினார் என்று ஒரு வரி. அடுத்த மூச்சிலே, அவன் ஏத்திப் பாடவும் பேறு கொடுத்தார் என்று வரும்.

இது கோணமலைக்கு மட்டும் உள்ள விசேஷம் இல்லை. சம்பந்தரின் பதிகங்களைப் புரட்டிப் பாருங்கள். எட்டாம் பாட்டு என்றால் பெரும்பாலும் இராவணன். ஒன்பதாம் பாட்டில் அடிமுடி தேடிய திருமாலும் பிரமனும், பத்தாம் பாட்டில் சமணரும் புத்தரும். இடம் ஒதுக்கி வைத்த மாதிரி. எந்த ஊர்ச் சிவனைப் பாடினாலும் எட்டாவது கதிரையில் எங்கள் ஆள் வந்து இருந்துவிடுவான். திருநீற்றுப் பதிகத்திலோ 'இராவணன் மேலது நீறு' என்று வருகிறது. திருநீற்றுக்குப் பெருமை சொல்ல சம்பந்தர் தேடிய சாட்சிகளில் ஒருவன், அடுத்தவன் மனைவியைத் தூக்கிப் போனவன்! சின்ன வயதில் இதைப் பற்றி அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "நீறு பூசினா எல்லாரும் நீறு பூசினவைதான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

சரி, தொடருக்கு வருவோம்.

தொடர் தொடங்கியதில் இருந்து வேலை இடத்தில் தேத்தண்ணி நேரம் முழுக்க இராவணன்தான். என்னோடு வேலை செய்த குருநாகல்காரர் ஒருவர் ஒரு பாகமும் விடாமல் பார்ப்பவர். அம்மாவின் கேள்வியை அவரிடம் கேட்டேன். சிரித்தார். பத்துத் தலை என்பது பிறகு வந்த கட்டுக்கதை, பத்து நாட்டு முடியை ஒருவன் சூடினான், அதைத்தான் இந்தியர்கள் பத்துத் தலை ஆக்கிவிட்டார்கள் என்றார். அவருடைய இராவணன் வைத்தியன், வானியல் தெரிந்தவன், 'தண்டு மொனர' என்ற மயில்பொறியில் பறந்தவன், இந்தியாவில் இருந்து வந்த படையெடுப்பில் வஞ்சகத்தால் வீழ்ந்தவன். "அபே ரஜ்ஜுருவோ" என்றார், நெஞ்சில் கைவைத்து. எங்கள் அரசர்.

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். போர் முடிந்து பத்து வருஷம்கூட ஆகாத நேரம், குருநாகலில் இருந்து வந்த ஒருவர் என் ஊர்க்காரனைத் தன் ஆள் என்கிறார். இன்னொரு பக்கம் ஒரு சின்ன உறுத்தல். நீங்கள் சொல்கிற இந்த ஆளை நான் பார்த்ததே இல்லையே என்று.

தீவின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில் இராவணன் இல்லை. பிற்காலத்துச் சிங்கள வரலாற்று நூலான ராஜாவலியவில் வருகிறான், ஆனால் அங்கேயும் அரசனின் பாவத்தால் அவன் கோட்டையைக் கடல் கொண்டது என்றுதான் எழுதியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊரில் இருந்து அந்த வரியை வாசித்தால் கொஞ்சம் குளிரும். களனி விகாரையில் இன்றைக்கும் வணக்கம் பெறுகிறவன் தம்பி விபீஷணன். தீவின் காவல் தெய்வங்களில் ஒருவன். இப்போது அண்ணனை வீரன் ஆக்கியவர்களுக்குத் தம்பியை என்ன செய்வது என்பது பெரிய தலையிடி. குருநாகல் நண்பரிடம் அதையும் கேட்டேன். "அது வேற, இது வேற" என்றார். பாவம், நான் அதற்குமேல் கேட்கவில்லை.

தொடர் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே நாடும் இராவணனைப் பிடித்துக்கொண்டது. 2019 ஏப்ரலில் இலங்கையின் முதல் செய்மதி அமெரிக்காவில் இருந்து விண்வெளிக்குப் போனது, ஜூன் மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து சுற்றுப்பாதையில் விட்டார்கள். பேர் 'இராவணா 1'. எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட. செய்தியை அம்மாவுக்குச் சொன்னேன். "மலையைத் தூக்கினவனை ஒரு கிலோவாக்கித் தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள்" என்றார். அடுத்த வருஷம் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, இராவணனின் விமானப் பயணங்கள் பற்றி யாரிடமாவது ஏடோ புத்தகமோ இருந்தால் தாருங்கள் என்று பத்திரிகையில் விளம்பரமே போட்டது. பறந்தான், சரி. ஆனால் எங்களுக்குச் சொல்லித்தந்த கதையில் புஷ்பக விமானம் அண்ணன் குபேரனுடையது. தம்பி அடித்துப் பறித்தது. முதல் விமானி என்று சொல்லும்போது முதல் விமானக் கடத்தல்காரன் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கேதான் எனக்கு வில்லன் பக்கத்துக் கதைகளோடு சண்டை. வில்லனின் பக்கத்தில் போய் நிற்கிறேன் என்று கிளம்புகிறவர்கள், அங்கே போய்ச் சேர்ந்ததும் அவனைக் குளிப்பாட்டத் தொடங்கிவிடுகிறார்கள். தேய்த்துத் தேய்த்து அழுக்கெல்லாம் போனபிறகு நிற்பவன் இன்னொரு இராமன். அப்படியென்றால் பழைய இராமனே போதும், அவனுக்காவது பாட்டு நிறைய இருக்கிறது. வில்லன் பதவி காலியாக இருக்க முடியாதல்லவா, அதற்கு வேறு யாரையாவது, எந்த நாட்டுக்காரனையாவது பிடித்து இருத்தவும் வேண்டும்.

'தங்கச்சிக்காகப் போர் செய்தான்' என்பது இராவணன் கட்சிக்காரர் எல்லாரும் சொல்கிற முதல் வாதம். சூர்ப்பனகையின் மூக்கை அறுத்தார்கள், அண்ணன் பொறுப்பானா என்று. உத்தர காண்டத்துக் கதையில் அந்தத் தங்கச்சியின் புருஷன் வித்யுஜ்ஜிஹ்வனைப் போரிலே வெட்டியவன் இதே அண்ணன்தான். திக்குவிஜய வெறியில், யார் எவர் என்று பார்க்காமல். வந்து அழுத தங்கச்சியைச் சமாதானப்படுத்தித் தண்டகவனத்துக்கு அனுப்பிவைத்தான். அங்கேதான் அவள் இராமனைக் கண்டாள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு, தன் கையால் தாலியறுத்த தங்கச்சி மூக்கில்லாமல் சபையில் வந்து நிற்கும்போது அந்த அண்ணனுக்கு உள்ளே என்ன நடந்திருக்கும் என்று ஒருவர் எடுத்தால், நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பார்ப்பேன். வில்லனின் பக்கம் என்று நான் நினைப்பது அதைத்தான்.

சிங்களவரை மட்டும் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. நாங்கள் அவர்களுக்கு முந்தியே இந்த வேலையைச் செய்தவர்கள். தமிழ்நாட்டில் புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' எழுதினார், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள். 1948இல் அரசு தடைசெய்தது, 1971இல்தான் தடை நீங்கியது. அதை வாசிக்கும்போது தமிழுக்காக மயங்கலாம். ஆனால் அதிலும் இராவணன் குற்றமில்லாத தமிழ் வேந்தன். எங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் மேடைக்கு மேடை முழங்கியதும் அந்த இராவணன்தான். தெற்கே 'ஹெல', அதாவது பழைய சிங்களம், என்றதை இங்கே 'திராவிட' என்று சொன்னோம், சோப்பு ஒன்றுதான்.

கிழக்கு மாகாணத்துக்காரன் என்ற முறையில் ஒரு விதிவிலக்கைப் பெருமையோடு சொல்ல வேண்டும். 1960களின் நடுவில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள், பேராசிரியர் சு. வித்தியானந்தனின் நெறிப்படுத்தலில் 'இராவணேசன்' என்ற வடமோடிக் கூத்தை ஆடினார்கள். எழுதியவர் மட்டக்களப்பு மௌனகுரு. விடிய விடிய வட்டக்களரியில் ஆடும் கூத்தை மேடைக்கு ஏற்றமாதிரிச் சுருக்கி, இராவணனை வீழ்ச்சி நாயகனாக நடுவில் நிறுத்திய கூத்து. பிறகும் பலமுறை மேடையேறியது. அம்மாவின் தாய்வீடு மட்டக்களப்புப் பக்கம். அவருடைய சித்தப்பா ஒருவர் ஊர்க் கூத்துகளில் ஆடியவர், இராவணனும் ஆடியிருக்கிறார். மத்தளமும் சல்லரியும் எழும்ப, அந்தப் பாரமான முடியோடு வரவுத் தாளத்துக்கு அவர் ஆடி வரும்போது களரி அதிருமாம். ஆனால் அம்மா ஞாபகம் வைத்திருந்தது அதை இல்லை. விடியப்புறம் கூத்து முடிந்து முடியைக் கழற்றினால் சித்தப்பாவின் நெற்றியில் ஒரு சிவப்புத் தழும்பு வளையமாக இருக்குமாம். அம்மம்மா அதற்குத் தேங்காயெண்ணெய் தடவி விடுவாராம். "இராவணன் குந்தியிருந்து பழஞ்சோறு சாப்பிடுவான். நான் பார்த்திருக்கிறன்" என்பார்.

உண்மையில் இந்தப் போட்டியில் கம்பனை யாரும் இன்னும் வெல்லவில்லை. இராமபக்தன்தான், இராமனைப் பரம்பொருளாகப் பாடியவன்தான். இருந்தும் முதல்நாள் போர் முடிந்து இராவணன் திரும்பிப் போகும் இடத்தைப் பாருங்கள். 'வீரமும் களத்தே போட்டு வெறுங்கையோடு இலங்கை புக்கான்.' அதோடு விட்டிருந்தால் தோற்றவனைப் பற்றிய ஒரு நல்ல வரி, அவ்வளவுதான். கம்பன் விடவில்லை, அவனுக்குப் பின்னாலேயே அரண்மனைக்குள் போகிறான். படுக்கையில் கிடக்கும் இராவணனுக்கு என்ன வெட்கம்? வானம் சிரிக்கும், மண் சிரிக்கும், பகைவர் எல்லாம் சிரிப்பார்கள் என்பதற்கெல்லாம் அவன் வெட்கப்படவில்லையாம். 'சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்புகின்றான்.' அவள் சிரிப்பாளே என்று குன்றிப் போகிறான். சிறை வைத்தவன், சிறைக்குள் இருப்பவளின் சிரிப்புக்குப் பயந்து கிடக்கிறான். எண்ணூறு வருஷத்துக்கு முந்தியே ஒருவன் வில்லனின் தலைக்குள்ளே போய் இருந்து எழுதிவிட்டான், அவன் செய்த பிழையில் ஒரு குன்றிமணி அளவும் குறைக்காமல். பிறகு மண்டோதரியின் புலம்பலில், அம்பு துளைத்த அந்த உடம்பை, 'வெள்ளெருக்கஞ் சடைமுடியான் வெற்பெடுத்த திருமேனி' என்கிறான். திருமேனி! கோயில் சிலைக்குச் சொல்கிற சொல்.

அம்மா அந்தத் தொடரை நான்கைந்து மாதம் பார்த்தார். பிறகு ஒருநாள் கதிரை பழைய இடத்துக்குப் போயிருந்தது, தமிழ்த் தொடர் ஒன்றில் மாமியார் அழுதுகொண்டிருந்தார். "ஏன் அம்மா, இராவணன் பார்க்கேல்லையா?" என்றேன்.

"அவன் ஒரு பிழையும் விடுறானில்லை" என்றார். "பிழை விடாதவனுக்குச் சம்பந்தர் ஏன் பாட்டுப் பாடுறார்?"

நியாயமாகச் சொன்னால் நானும் அதற்குமேல் பார்க்கவில்லை. மொழிபெயர்க்க ஆள் இல்லாத பிறகு எனக்கும் வேலை போய்விட்டது. ஆகவே முடிவு எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

அதே 2019இல் ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை, வெளியூர் உறவினரைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போயிருந்தேன். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகான காலம், கோட்டை வாசலில் பையைத் திறந்து பார்த்துத்தான் விடுவார்கள். இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் சிங்களக் குடும்பம் ஒன்று. தகப்பன் தோளில் நான்கு வயது மதிக்கத்தக்க பையன். அங்கே பத்துத் தலையோடு கைகூப்பி நிற்கும் இராவணன் சிலையைக் காட்டித் தகப்பன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பறந்தது, போரிட்டது என்று கதை நீண்டது. பையன் சிலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, இவ்வளவு பெரிய அரசர் ஏன் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார் என்று கேட்டான். எனக்கு விளங்கிய சிங்களத்தில் அப்படித்தான் கேட்டான். தகப்பன் ஒரு கணம் சிலையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு பொக்கற்றுக்குள் கைவிட்டு ஒரு பத்து ரூபாய்க் குற்றியை எடுத்துப் பையன் கையில் கொடுத்து, வெட்டுக்குள் எறியச் சொன்னார். பையன் எறிந்தான். அது பாறையில் எங்கோ பட்டுத் துள்ளியது, தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி, பிள்ளை வரம் கேட்டு மரத்தில் கட்டிய தொட்டில்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

அம்மா 2022 மே மாதம் போனார். நித்திரையிலே. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை, விடுகிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். எங்கள் ஊரில் அது வழக்கம். வழக்கத்துக்குக் காரணமும் அவன்தான். மலை வெட்டிய கதையின் மிச்சம் கன்னியாவில் இருக்கிறது. மகன் மலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, விஷ்ணு ஒரு கிழப் பிராமணராக வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்று சொன்னாராம். அந்த இடத்திலேயே கிரியை செய்ய வேண்டும், தண்ணீர் இல்லை. வாளை நிலத்தில் ஏழு முறை ஊன்றினான், ஏழு ஊற்று, எல்லாம் வெந்நீர். தாய்க்குக் கிரியை செய்தான். இது எரிமலை இல்லாத நாடு, மழைத்தண்ணீர் பாறை வெடிப்புக்களால் ஆழம் போய்ச் சூடேறித் திரும்பி வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அந்த இடம் யாருடையது என்று வழக்கும் போராட்டமும் நடந்ததும் தெரியும். அன்றைக்கு அதெல்லாம் என் தலைக்குள் ஏறவில்லை.

பெற்றோல் இல்லாத காலம். நகரில் இருந்து எட்டுக் கிலோமீற்றர்கூட வராத தூரத்துக்கு ஓட்டோக்காரர் ஒரு விலை சொன்னார், பிறகு செத்தவீட்டுக் காரியம் என்று தெரிந்து பாதியாகக் குறைத்தார். ஐயரும் நாங்களுமாக இரண்டு ஓட்டோ. எள்ளு, தர்ப்பை, வாழையிலை, பச்சரிசி மா, அம்மாவின் ஒரு சேலை. ஐயருக்கு அன்று இன்னும் இரண்டு இடம் இருந்தது, மந்திரம் வேகமாகப் போனது. தாயின் பேர் சொல்லுங்கோ என்றார், சொன்னேன். தாயின் மாமியார் பேர். அப்பம்மா, சொன்னேன். அவருக்கும் மாமியார்? எனக்குத் தெரியவில்லை. தங்கச்சியைப் பார்த்தேன், அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் அம்மா. எள்ளும் தண்ணியும் விரலிடுக்கில் நிற்க, எனக்கு அந்த நேரம் ஞாபகம் வந்த பேர் கைகேசி. அரக்கன் ஒருவனின் அம்மா பேர் இத்தனை ஆயிரம் வருஷம் நிற்கிறது, என் பூட்டியின் பேர் மூன்று தலைமுறையில் போய்விட்டது. "பரவாயில்லை, நினைச்சுக்கொண்டு விடுங்கோ" என்றார் ஐயர். விட்டேன்.

பிறகு குளிப்பு. ஏழு கிணறும் சின்னச் சின்னச் சதுரம், ஆழமும் அதிகம் இல்லை. ஒன்றில் இளஞ்சூடு, ஒன்றில் கொதிப்பு, பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. வழமையாகச் சனம் நிறைந்த இடம், அன்றைக்கு எங்களைத் தவிரச் சைக்கிளில் வந்த நான்கு சிங்களப் பையன்கள் மட்டும். பதினாறு பதினேழு வயது இருக்கும். எங்களைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்தார்கள். ஒருவன் தன் கையில் இருந்த வாளியை எனக்கு நீட்டினான். ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றினேன். ஈர வேட்டியோடு வாளியைத் திருப்பிக் கொடுத்தபோது, அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். அங்கிள், இதில் இராவண ரஜ்ஜுருவோ முதலில் குத்திய கிணறு எது?

எனக்கு எப்படித் தெரியும். மூலையில் இருந்த ஒன்றைக் கையால் காட்டினேன். அவன் ஓடிப்போய் அதில் ஒரு வாளி அள்ளித் தலையில் அப்படியே கவிழ்த்துவிட்டு, "ரஸ்னேய்!", சுடுது, என்று கத்திக்கொண்டு துள்ளினான்.